ஜே. மேனியன் அடித்த கோல்

துக்கம் கேட்க வரிசையில் வந்த அந்த ஆள் குலுக்கிய கையை விடவில்லை. மற்றவர்கள் "வருத்தமா இருக்கு ஜார்லத்" என்று சொல்லி, பெட்டியில் கிடந்த ஃபெஸ்டஸைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு, சமையலறைக்கு டீ குடிக்கப் போய்விட்டார்கள். இவன் போகவில்லை.

"தலையாலயா, காலாலயா?"

"என்னது?"

"அந்த கோல்தான். அறுபத்திரண்டு ஃபைனல். புத்தகத்துல அது தெளிவா இல்ல."

ஜார்லத் கையை உருவிக்கொண்டார். இந்த எழுபத்தொரு வயதுவரை அவர் ஒரு சாக்கர் பந்தைக்கூட உதைத்ததில்லை. அண்ணன் ஃபெஸ்டஸ் செத்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் செத்தவனை விட்டுவிட்டு இவரைப் பார்க்க வருகிறார்கள். எல்லாம் அந்தப் புத்தகம் செய்த வேலை.

அந்தக் காலத்தில் அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கெய்லிக் பந்து ஆடுகிறவன் இங்கிலீஷ்காரன் ஆட்டமான சாக்கரைத் தொடக்கூடாது. தொட்டால் தள்ளிவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கென்றே ஆட்கள் வேலியோரம் நின்று பெயர் குறித்துக்கொண்டு போவார்கள். ஃபெஸ்டஸ் கெய்லிக்கில் பெரிய ஆட்டக்காரன், மாவட்ட அணிக்கு எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்த நேரம். ஆனால் சாக்கரையும் விடமுடியவில்லை. கில்மோரன் ரோவர்ஸ் கிளப்புக்காகத் தம்பி பெயரில் ஆடினான். ஃபைனலில் கோலும் அடித்தான். 'ஜே. மேனியன்' என்று பேப்பரில் வந்தது. பேப்பரைப் பார்த்த கெய்லிக்காரர்கள் ஜார்லத் மேனியனை ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. ஊரின் கெய்லிக் அணியில் கோல்கீப்பராக ஆறே ஆட்டம் ஆடியிருந்தார். வருஷம் முடிந்ததும் யாரும் கூப்பிடவில்லை. வேறு ஒருத்தன் கோலில் நின்றுகொண்டிருந்தான்.

புத்தகம் வரும்வரை அண்ணன் தம்பி இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

ஃபின்டன் உள்ளே வந்தார். பள்ளிக்கூட வாத்தியார், ரோவர்ஸ் செயலாளர். கிளப்பின் எழுபத்தைந்து வருஷத்தையும் எழுதிப் போன மாசம் புத்தகமாகப் போட்டவர் இவர்தான்.

"ஃபின்டன், இப்படி வா." ஜார்லத் அவரைப் பெட்டியருகே இழுத்தார். "அந்த கோல நான் அடிக்கல. இதோ கிடக்கானே, இவன் அடிச்சது."

நோயாளியிடம் சிரிப்பதுபோல ஃபின்டன் சிரித்தார். "உங்க அடக்கம் ஊருக்கே தெரியும்."

"எனக்கு அடக்கம் ஒண்ணும் கிடையாது. அன்னைக்கு நான் வீட்டுல மாடு கறந்துட்டு இருந்தேன். பதினோரு மாடு. இவன் முறை அது, எங்கப்பாவுக்குத் தெரியாம நான் கறந்தேன். இவன் என் பேர எடுத்துட்டுப் போய் ஆடுனான்."

"பொய்ப் பேருல நிறைய பேரு ஆடியிருக்காங்க ஜார்லத், எனக்குத் தெரியாதா? அதனாலதான் ஃபெஸ்டஸையே போய்க் கேட்டேன். மூணு சாயங்காலம் உட்கார்ந்து கேட்டேன். 'நீங்களா'ன்னு நேராவே கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'நான் இல்ல, என் தம்பி'ன்னார். 'அவன மாதிரி ஆட்டக்காரன் இந்த ஊர்ல பொறக்கல, அவன ஆடவிடல'ன்னார். சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சு. நான் அத அப்படியே எழுதியிருக்கேன்."

ஜார்லத் பெட்டியைப் பார்த்தார். விரல்களில் ஜெபமாலையைச் சுற்றி விட்டிருந்தார்கள். பிணப்பெட்டிக்காரன் முகத்துக்கு ஏதோ பூசியிருந்தான், உயிரோடு இருந்தபோது இருந்ததைவிட நல்லவன் மாதிரி தெரிந்தான்.

புத்தகம் கைக்கு வந்தபோது ஃபெஸ்டஸ் ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாயோடு கிடந்தான். ஜார்லத் அந்தப் பக்கத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்து, "ஏண்டா இப்படிச் சொன்ன?" என்று கேட்டார். நாலு நாள் கேட்டார். ஃபெஸ்டஸ் ஈ ஓட்டுவதுபோலக் கையை அசைத்தான், அவ்வளவுதான். கடனைத் தீர்த்தானா, கேலி செய்தானா, இல்லை வயசான காலத்தில் அப்படியே நம்பிவிட்டானா? குழாய் வைத்த வாய் எதைச் சொல்லும்?

"இவன்கூட ஆடினவங்க யாரையாவது கேட்டியா?"

"ஒன்பது பேர் செத்தாச்சு. மிச்சம் கோல்கீப்பர் கில்லன் ஒருத்தர்தான். அவர் இருக்கிற முதியோர் விடுதிக்குப் போனேன். என்னைய அவரோட அக்கான்னு நெனச்சுக்கிட்டார்."

ஜார்லத் சமையலறைக்குப் போனார். பக்கத்துப் பண்ணை பெடர், வாயில் ஹாம் சாண்ட்விச்சோடு நின்றான்.

"அம்பது வருஷம் ஒளிச்சு வச்சிருந்தியேடா திருட்டுப் பயலே! பந்து வந்தா நீ வேலி தாண்டி ஓடுவேன்னு நெனச்சேன்."

"நான் ஒண்ணையும் உதைக்கலடா."

"அதானே. மாடுதான் உன்ன உதைச்சிருக்கும்." அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிக்க ஏதாவது கிடைத்தால் ஜனங்கள் விடமாட்டார்கள்.

ஃபெஸ்டஸின் மகள் ஐட்டா, பாத்திரம் கழுவுகிற தொட்டியருகே அவரைத் தனியாகப் பிடித்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"சித்தப்பா, அப்பா பொய் சொன்னாருன்னு ஃபின்டன்கிட்ட சொன்னீங்களா?"

"பொய்னு சொல்லல. கோல் அவன் அடிச்சதுன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே? கடைசி வருஷம் பூரா அவர் பேசினது உங்களப் பத்தித்தான். 'என் தம்பிக்கு ஒண்ணும் கிடைக்கல, இதாவது கிடைக்கட்டும்'னு சொல்லிக்கிட்டே இருந்தார். என்ன விஷயம்னு நான் கேட்கல. இப்பவும் கேட்கல. மண்ணுக்குள்ள போற வரைக்கும் அவர விட்டுடுங்க."

"அவன் அடிச்சது அவனுக்குத்தானேம்மா போகணும்?"

ஐட்டா கழுவின கோப்பையையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் பூசை முடிந்தது. பெட்டிமேல் மாவட்ட அணியின் கெய்லிக் சட்டையை விரித்திருந்தார்கள். சாமியார் கெய்லிக்கைப் பற்றி மட்டும் பேசினார். கல்லறைத் தோட்டம் வரைக்கும் வண்டி, அங்கிருந்து தோள். கடைசி ஐம்பதடிக்கு ஜார்லத்தும் பெடரும் முன்னால் தோள் கொடுத்தார்கள். உள்பக்கக் கையை ஒருத்தர் தோள்மேல் ஒருத்தர் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வெளிப்பக்கக் கை பெட்டியின் அடியில். முந்தின நாள் மழையில் சரளைப் பாதை சொதசொதவென்று இருந்தது.

அந்தப் பாதையில் ரோவர்ஸ்காரர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். முப்பது நாற்பது பேர், கழுத்தில் பச்சை வெள்ளைத் துண்டு. பெட்டி நெருங்கியதும் ஃபின்டன் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும். யார் கண்ணும் பெட்டிமேல் இல்லை. ஒரு கிழவன் தொப்பியைக் கழற்றி, "சபாஷ் ஜார்லத்!" என்றான்.

தோள்மேல் பெட்டியில் இருக்கிறவனைக் காட்ட ஜார்லத்துக்கு ஒரு கை வேண்டியிருந்தது. இடது கை பெடரின் தோளில் இருந்தது. வலது கையை எடுத்தால் பெட்டி சரியும்.

"அடி மாறாதடா," என்றான் பெடர். "இடது. வலது."

ஜார்லத் இடது காலை வைத்தார். பிறகு வலது. கைதட்டல் குழி வரைக்கும் கூடவே வந்தது.