அறுபத்தொரு சாவியும் பத்தொன்பதாம் விதியும்

என் மகள் லூர்துசெல்விக்கு அறுபத்தொரு சாவிகள் சொந்தம். பூட்டு ஒன்றுகூடக் கிடையாது.

பீரோ சாவி, சைக்கிள் சாவி, டிரங்குப் பெட்டிச் சாவி, ஓய்வுபெற்ற ஒரு தாசில்தாரின் பூஜை அறைச் சாவி எல்லாம் ஓர் ஊறுகாய் ஜாடியில் கிடந்தன. மாதா கோயிலில் பிரசங்கம் நீண்டு அவள் கொட்டாவி விட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் இடுப்பிலிருந்து சாவியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். தும்மினால் இரண்டு சாவி. ஒருமுறை பெரிய மார்க்கெட்டில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். மூன்று சாவியும் ஒரு மீன் அரிவாள்மணையும் வந்து சேர்ந்தன. அரிவாள்மணையை மட்டும் திருப்பிக் கொடுத்தோம்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பது ஊர் வழக்கம். கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கினால் நோயும் கூடவே வரும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. ஆகவே பூட்டை உடைப்பார்களே தவிர சாவியைக் கேட்டு வரமாட்டார்கள். செல்வி நர்ஸ். வலிப்புக்கு இரும்பு மருந்தில்லை என்று ஒருநாள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் கண்கலங்கி அதற்கும் ஒரு சாவி கொடுத்தார்.

அவளுக்கு வலிப்பு ஒருநாளும் வந்ததில்லை. எழுதப்பட்டது, அவ்வளவுதான். எழுதியவர் ஜானகிராமன்.

நானும் ஜானகிராமனும் பத்தொன்பது வருஷம் சேர்ந்து துப்பறியும் தொழில் செய்தோம். கொலை, கொள்ளை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிக்கிறானா, பெண்ணுக்கு வேறு இடத்தில் மனசிருக்கிறதா, சம்பளம் சொன்னதுதானா, இப்படி. தொழிலுக்கென்று இருபத்திரண்டு விதிகள் வகுத்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். முதல் விதி: கண்ணால் காணாததை எழுதாதே. நாலாவது: வீட்டுக்காரரை விட்டுவிடு, இஸ்திரி போடுகிறவரைக் கேள். பதினொன்று: விசாரிக்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதே. பதினாலு வாழ்க்கைக்கானது: பெண்டாட்டியிடம் பொய் சொல்லாதே, அவள் விசாரிக்க ஆரம்பித்தால் நம் தொழில் படுத்துவிடும்.

பத்தொன்பதாவது ஜானகிராமனின் சொந்த மூளையில் உதித்தது. அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. 'விசாரணை முடிந்ததா என்று எவன் கேட்கிறானோ, அவனிடம் ஏதோ இருக்கிறது. அவனை இன்னும் ஒரு மாதம் விசாரி.' அருமையான விதி. ஒரே வருஷத்தில் முதல் கல்யாணத்தை மறைத்த நாலு பேரை அதை வைத்தே பிடித்தோம்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் செல்விக்குக் காரைக்காலில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் அலுவலகத்துக்கே விசாரணைக்கு எழுதிவிட்டார்கள். சொந்த வீட்டுக் கேஸை எடுக்கக் கூடாது என்பது ஆறாவது விதி; ஜானகிராமனிடம் தள்ளிவிட்டேன். எட்டே நாளில் வரன் முறிந்தது. மூன்றாவது மாதம் அந்தப் பையன் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். காரணத்தை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் தெருவில் சாவிகள் வர ஆரம்பித்தன.

அந்த வருஷம் அரியாங்குப்பம் மாதா திருவிழாவில் கூட்ட நெரிசலில் செல்வி ஒரு நிமிஷம் தூணில் சாய்ந்தாள். கூட வந்திருந்த ஜானகிராமன், "ஐயோ, வந்துடுச்சு! வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து, தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து எல்லார் முன்னாலும் அவள் கையில் திணித்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஃப்ரிட்ஜ் சாவி. ஜானகிராமன் வீட்டில் மண்பானைதானே இருந்தது? மறுநாள் சாமான் கடைகளில் விசாரித்தேன். ஃப்ரிட்ஜை வாங்கி அவர் வீட்டில் இறக்கியவர், காரைக்கால் பையனைக் கட்டிக்கொண்ட பெண்ணின் தாய்மாமன்.

நேரே போய்க் கேட்டேன். "தீபாவளி அன்பளிப்புய்யா" என்றார் ஜானகிராமன். ஜில்லென்று தண்ணீர் நீட்டினார். பதினொன்றாம் விதிப்படி நான் குடிக்கவில்லை. அன்றோடு கூட்டு முறிந்தது. என் மகளுக்கு வலிப்பு இல்லை என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? பெற்றவன் அப்படித்தானே சொல்வான்? எழுதியவர் வாயால் வரவேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

செல்வி சொல்வாள்: "வலிப்பு இருந்தாத்தான் என்னப்பா? மாத்திரை இருக்கு. இல்லாததை எழுதினாரே, அதான் அடங்கமாட்டேங்குது."

எனக்கும் அடங்கவில்லை. சாமியாரிடம் முட்டி போட்டுச் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் இருபத்திரண்டு வருஷமாக இதைச் சொல்லி வருகிறேன். சாமியார்கள் ஐந்து பேர் மாறிவிட்டார்கள். நான் மாறவில்லை.

போன சித்திரையில் மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் அன்பழகன் என்னைத் தேடி வந்தார். மகள் பூர்ணிமாவுக்கு ஒரு வரன் பார்த்திருந்தார். பையன் பெயர் விஜய். அப்பா பெயர் ஜானகிராமன், முத்தியால்பேட்டை.

நான் நேர்மையாகச் சொன்னேன்: "ஐயா, அந்த ஆளுக்கும் எனக்கும் ஜென்மப் பகை. வேற யாரையாவது பாருங்க."

"தெரிஞ்சிதான் முசியே வந்தேன். வேண்டப்பட்டவன் விசாரிச்சா நல்லதாத்தான் சொல்லுவான். நீங்க விசாரிச்சு நல்ல பையன்னு சொல்லிட்டா, அதுக்கு மேல எனக்கு இன்னா வேணும்?"

முசியே என்பது எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன 'ஐயா'. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பன்னிரண்டே நாளில் விசாரித்து முடித்தேன். என்ன சொல்ல? பையன் தங்கம். ஒரு கெட்ட பழக்கம் கிடைக்குமா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். தயிர்சாதத்தில் சர்க்கரை போட்டுச் சாப்பிடுகிறான், அவ்வளவுதான். அதையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் மேல் கை வைக்கக் கூடாது என்பதும் விதிதான்.

அன்பழகன் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். "ஆனா முசியே, பொண்ணுக்கு நேரம் சரியில்லையாம். கார்த்திகை முடியற வரைக்கும் சரின்னு வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. அதுவரைக்கும் நீங்களும் வெளிய விடாதீங்க."

"என் வாயிலிருந்து ஒரு சொல் வராது" என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வாக்கும் கொடுத்ததில்லை.

கடைசி விதி, இருபத்திரண்டாவது, இப்படிச் சொல்கிறது: பழி வாங்கலாம், ஆனால் வேலை நேரத்தில் கூடாது. வேலைதான் முடிந்துவிட்டதே. மறுநாள் காலை ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போனேன். ஜானகிராமன் வீட்டுக்கு எதிரே அஞ்சலாட்சியின் இஸ்திரி வண்டி நின்றது. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன்.

ஜானகிராமன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நான் வணக்கம் சொல்லிவிட்டு எழுதினேன். நோட்டில் நான் எழுதியதெல்லாம் உண்மை: 'காக்கா நாலு. ஒன்று நொண்டி.'

எனக்கு எந்த விதியெல்லாம் தெரியுமோ, அதெல்லாம் அவருக்கும் தெரியும். நாலாம் விதி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அன்று மாலையே பனியன்களை இஸ்திரிக்கு அனுப்பினார். அடுத்த வாரம் கோவணம். மூன்றாம் வாரம் கால்மிதி.

"இன்னாய்யா ஆச்சு இந்தாளுக்கு?" என்றாள் அஞ்சலாட்சி. "முப்பது வருஷமா என்னை 'ஏய்'னு கூப்ட்டவரு, நேத்து 'தங்கச்சி'ங்கறாரு. கடன் கேப்பாரோ?"

பிறகு பிராந்தியை விட்டார். சாராயக் கடைக்காரர் பதறிப்போய், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார். தெருநாய்களுக்குப் பிஸ்கட் போட்டார். பத்து நாளில் அவர் கடற்கரைக்கு நடந்தால் பின்னால் பதினேழு நாய்கள் ஊர்வலமாகப் போயின. முன்பின் தெரியாதவர் சாவுக்கெல்லாம் போய்ப் பாடை தூக்கினார். ஓரிடத்தில், இறந்தவரின் சொந்த மச்சானை, "நீ தள்ளு, நான் தூக்கறேன்" என்று இடித்துத் தள்ளியதில் சின்னக் கைகலப்பு. ரத்தம் கொடுக்கப் போன இடத்தில், போன வாரம்தானே சொல்லி அனுப்பினோம், வயது வேறு எழுபத்திரண்டு என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தெரு நலச்சங்கத்தில் அவரைத் தலைவராக்கினார்கள். இவ்வளவையும் நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஆனி, ஆடி, ஆவணி. அவர் பதினோரு கிலோ இளைத்தார். எனக்கு நாலு கிலோ கூடிற்று.

அவரால் தாங்க முடியாதது நல்லவனாக இருப்பது அல்ல. கேட்க முடியாததுதான். பெண் வீட்டில் கேட்டால், விசாரணை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டதாகிவிடும், சம்பந்தம் கெட்டுப்போகும். என்னிடம் கேட்டால் பத்தொன்பதாம் விதி.

மாதம் ஒருமுறை தெருவைக் கடந்து வந்து பக்கத்தில் நிற்பார்.

"தாஸு."

"சொல்லு."

"வெயில் ஜாஸ்தியா கீது இல்ல?"

"ஆமா."

"ஒண்ணு கேக்கணும்னு..."

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, "கேளேன்" என்பேன்.

"ஒண்ணுமில்ல. குடை வேணுமா?"

ஐப்பசி மழையில் ஒருநாள் அவரே குடையோடு நெல்லித்தோப்பில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே வெடித்தார். "டேய் கிறிஸ்துதாஸ்! ஏழு மாசம்டா! என் பொண்டாட்டி நான் சாகப்போறேன்னு நெனச்சி நகையை மக வீட்டுக்கு மாத்திட்டா. உனக்கு இன்னாதான்டா வேணும்?"

இந்தக் கேள்வியைத் தடுக்க விதி ஏதும் இல்லை. ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்றைத் தவிர ஒவ்வொரு சாவியிலும் கொடுத்தவர் பெயர், விலாசம், தேதி எழுதி நூலில் கட்டியிருந்தேன். நாற்பது வருஷத் துப்பறிவாளன் சாவியைச் சும்மா போட்டு வைப்பானா?

"அறுபது வீடு. ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போய்க் குடு. குடுக்கும்போது என்ன சொல்லணும்னு உனக்கே தெரியும்."

"தெருவுல மானம் போயிடும்டா. சங்கத் தலைவருடா நானு."

"உள்ள நிக்குதே என் பொண்ணு, அது மானத்தோட போய் வந்துச்சா இத்தனை வருஷம்?"

செல்வி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பை வேணுமா சித்தப்பா?" என்றாள். சின்ன வயதிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். மஞ்சள் பை ஒன்றைக் கொடுத்தாள்.

ஐந்து வாரம் நடந்தார். நான் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வாசலிலும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "லூர்துசெல்விக்கு வலிப்பு கிடையாது. ஒரு ஃப்ரிட்ஜுக்கு ஆசைப்பட்டு நான் பொய் எழுதினேன்." குரல் கேட்கவில்லை என்றால் நான் பின்னாலிருந்து இருமுவேன். இன்னொரு தடவை சத்தமாகச் சொல்வார்.

தாசில்தார் பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு பூஜை அறையைத் திறந்தார். பிள்ளையார் முறைத்ததாகச் சொன்னார். ஒரு வீட்டில் துடைப்பம் வந்தது. கனகசெட்டிக்குளத்தில் மீன்பிடிக்கிற சின்னக்கண்ணு, தன் டிரங்குப் பெட்டிச் சாவியைப் பார்த்ததும் ஜானகிராமன் கையைப் பிடித்துக்கொண்டார். "யோவ், உள்ள வாய்யா. பதினாறு வருஷமா நான்தான் தொலைச்சேன்னு என் பொண்டாட்டி சோறு போடும்போதெல்லாம் சொல்றா. நீ வந்து சொல்லு, உன்னாலதான்னு." அந்த அம்மாள் ஜானகிராமனைத் திட்டிய திட்டில் படகுகள் தாமே கரையேறின. நான் நாற்காலியை விரித்து உட்கார்ந்து கேட்டேன்.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு. பிரசங்கம் ஐம்பது நிமிஷம். செல்வி வாயை மறைக்காமல், தாடை கழன்றுவிடும்படி ஒரு கொட்டாவி விட்டாள். சுற்றிலும் திரும்பிப் பார்த்தாள். ஒரு கிழவியின் கை மட்டும் பழக்கதோஷத்தில் இடுப்புக்குப் போய், பிறகு மூக்கைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கிற்று. செல்வி இன்னொரு கொட்டாவி விட்டாள். சும்மா, ஆசைக்கு.

அன்று மதியம் ஜானகிராமன் வந்தார். மஞ்சள் பையைக் கவிழ்த்தார். மேஜையில் ஒரே ஒரு சாவி விழுந்தது. அதில் மட்டும் பெயர் கட்டவில்லை.

"இது யாருது?" என்று கேட்க வாயைத் திறந்தவர், அடையாளம் கண்டு மூடிக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்தார். எட்டு மாசக் களைப்பு. எல்லாம் தீர்ந்தது என்ற நிம்மதி. அந்த நிம்மதியில்தான் பிசகினார்.

"எல்லாம் குடுத்துட்டேன்டா தாஸு. இப்பவாவது சொல்லு. பையனோட விசாரணை முடிஞ்சிதா?"

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். நோட்டை எடுத்தேன். தேதி எழுதினேன்.

"டேய்... என்னடா எழுதற?"

"நீ கேட்டுட்டியேய்யா" என்றேன். "பத்தொன்பது. உன் கையெழுத்துதான். இன்னும் ஒரு மாசம்."

விசாரணை நல்லபடியாக முடிந்த விஷயத்தை முதல் வாரமே பூர்ணிமா விஜய்க்குச் சொல்லிவிட்டாளாம். வீட்டில் அப்பா தங்கமாக இருக்கிறாரே, எதற்குக் கெடுப்பது என்று பையன் வாயைத் திறக்கவில்லை. நல்ல பையன் என்று எழுதினேன் அல்லவா? ஆனால் ஜானகிராமனுக்கு அது தெரியாது. அவர் உதடு துடித்தது. கை நடுங்கியது. கால் தரையில் தடதடவென்று தந்தி அடித்தது.

செல்வி அடுக்களையிலிருந்து வந்தாள். மேஜையிலிருந்த ஃப்ரிட்ஜ் சாவியை எடுத்தாள். அவர் உள்ளங்கையை விரித்து, அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அழுத்தினாள்.

"கெட்டியா புடிச்சுக்குங்க சித்தப்பா. இரும்பு. சரியாப் போயிடும்."