பஞ்சநதம் கடைக் கிளாஸ்

அப்படியென்றால் ரேஷன் கடை வரிசையில் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் ஒட்டிக்கொண்டு நிற்கலாம், மன்னார்குடி பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கலாம், கல்யாண வீட்டில் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பந்தியில் இடித்துப் பிடித்து உட்காரலாம், அங்கெல்லாம் வராத கொரோனா உங்கப்பா பஞ்சநதம் கடைக்குப் போய் ஒரு டீ குடித்தால் மட்டும் வந்துவிடுமா என்று அம்மா கேட்கிறாள்... கேட்பது சுலபம், கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், அப்பா இருமும்போதெல்லாம் அது பழைய இருமலா புது இருமலா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது நான்தானே. அரசு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன், மூக்கில் குச்சி விட்டுச் சாம்பிள் எடுப்பது இந்த வருஷம் முழுக்க என் பிழைப்பு, ஊரில் நர்சம்மா என்கிறார்கள், லேப் டெக்னீஷியன் என்று திருத்தித் திருத்தி வாய் வலித்து விட்டுவிட்டேன். இன்றைக்கு லீவு, நானே போய்க் கடையைப் பார்த்துவிட்டு வருகிறேன், சரியாக இருந்தால் நாளையிலிருந்து போங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். வழக்கமாக எகிறுகிற மனுஷன், சட்டையை மாட்டிக்கொண்டே, “போய்ப் பாரு ஆயி. பாத்துட்டு வந்து சொல்லு” என்றார், அவ்வளவுதான். அந்த நிதானம்தான் எனக்குப் பிடிபடவில்லை, ஸ்கூட்டியை எடுத்து வாய்க்கால் கரை ஏறிய பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாய்க்காலில் தண்ணீர் முட்டிக்கொண்டு போகிறது, இந்த வருஷம் மேட்டூரை நேரத்துக்குத் திறந்துவிட்டார்கள், குறுவை அறுத்தாயிற்று, சம்பா பயிர் பச்சை பிடித்துவிட்டது, ஆற்றுக்கும் பயிருக்கும் ஊரடங்கு தெரியாது, மனுஷனுக்குத்தான் எல்லாம். எதில் எவ்வளவு ஆபத்து என்று எனக்குள் ஒரு தராசு ஓடிக்கொண்டே இருக்கிறது, யார் எதைக் கேட்டாலும் அதில் போட்டுப் பார்க்கிறேன், சாவு வீடு, சலூன், மாரியம்மன் கோயில், ஜன்னல் திறந்த பஸ், ஜன்னல் சாத்திய பஸ்... அப்பாவின் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் எப்போதும் வெள்ளைதான், வாலிபத்தில் வந்த டி.பி. விட்டுவிட்டுப் போன தழும்பு, அதையும் தட்டில் வைத்துவிட்டால் தராசு எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றே சொல்கிறது. வயலுக்கு மட்டும் விட்டேன். திறந்தவெளி, காற்று, ஆள் கிடையாது. மூன்று மா நிலம், ஒரு ஏக்கர் வரும், அப்பாவின் பேரில் பட்டா, பக்கத்து நிலம் ரெங்கசாமியுடையது, ஊரடங்கு உச்சத்தில் இருந்தபோதுகூட அப்பா தினமும் போய் நடுவரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துவிட்டு வருவார். என்னத்துக்குப்பா, பயிர் ஓடியா போகிறது என்றால், “பயிரு எங்க போவுது. ரெண்டு மாசம் நாம மிதிக்கலன்னு வச்சிக்க, அந்த மனுசன் மம்பட்டியால வரப்பைச் செதுக்கிச் செதுக்கி உள்ள இழுத்துப்பான். பட்டாவுல இருக்கறது வேற, தரையில இருக்கறது வேற” என்பார். கிழவருக்கு இன்னும் கூலிச் சண்டைக் காலத்து ஞாபகம் என்று சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன், சரி, நடந்தால் நுரையீரலுக்கும் நல்லது.

ஆனால் டீக்கடைக்கு விடவில்லை. காரணம் இருக்கிறது, ஊரடங்குக்கு அப்புறம் சித்திரை வெயிலில் கடையைத் திரும்பத் திறந்த முதல் வாரம் நான்தான் பஞ்சநதத்திடம் போய்ச் சத்தம் போட்டேன், ஒரே பக்கெட் தண்ணீர், அதில் எல்லாக் கிளாசையும் முக்கி எடுத்து அடுத்த ஆளுக்குக் கொடுக்கிறீர்களே, ஊரையே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கப் போகிறீர்களா, பேப்பர் கப் வாங்கிப் போடுங்கள் என்றேன். வாங்கினார். அந்த மாதங்களில் எனக்குக் கிடைத்த மரியாதை இருக்கிறதே... சாயங்காலம் கை தட்டினார்கள், விளக்கு ஏற்றினார்கள், மறுநாள் காலையில் நான் பொதுக்குழாயில் குடத்தை வைத்தால் குழாயடி காலியாகிவிடும், மினிபஸ் டிரைவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தாமல் போவான், அந்தக் கடுப்பில்தான் தவணைக்கு இந்த ஸ்கூட்டியை வாங்கினேன். அப்போதும் பஞ்சநதம் சொன்னபடி கேட்டார், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. கடைக்கு வந்த எல்லோருக்கும் பேப்பர் கப், மேலத்தெரு ஆளுக்கும் அதுதான், எங்கள் தெரு ஆளுக்கும் அதுதான், பெரிய பண்ணை வீட்டு ஆளே வந்தாலும் அதுதான். நான் அதைச் சுகாதாரம் என்று மட்டும்தான் பார்த்தேன். அதற்கு மேல் அதில் பார்க்க ஒன்று இருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடை நன்றாகத்தான் இருந்தது, முதலில் அப்படித்தான் நினைத்தேன், பெஞ்சை வெளியே புங்கமரத்தடிக்கு எடுத்துப் போட்டிருக்கிறார், காற்று வருகிறது, கூட்டம் இல்லை, ரெண்டு கட்சிக் கொடிக்கம்பத்துக்கும் நடுவே தாராளமாக இடம், அப்பாவை ஓரமாக உட்கார வைத்தால் சரியாக வரும் என்று தராசு முதல்முறையாக இந்தப் பக்கம் சாய்ந்தது. பெஞ்சில் ரெங்கசாமி உட்கார்ந்திருந்தார், கையில் கிளாஸ். கண்ணாடிக் கிளாஸ். ஓ, கிளாஸ் திரும்பி வந்துவிட்டதா, பக்கெட்டும் வந்திருக்குமே என்று பார்த்தேன், வந்திருந்தது, அதே பச்சை பக்கெட், அதே கலங்கல் தண்ணீர். ரெங்கசாமி மூக்கில் போன மாதம் குச்சி விட்டவள் நான், வீட்டோடு பாசிட்டிவ், அதை நான் வெளியில் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை, அவரும் டவுனுக்குப் போயிருந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு டீ என்றேன். பஞ்சநதம் ஆற்றினார், தூக்கி ஊற்றுகிற அழகெல்லாம் போய்விடவில்லை, ஊற்றி நீட்டினார். பேப்பர் கப்.

சரி, நம் நல்லதுக்குத்தான் என்று கையும் நீட்டிவிட்டேன், அப்போதுதான் கொடிக்கம்பத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்த குஞ்சிதபாதம் சித்தப்பாவைப் பார்த்தேன், எங்கள் தெரு, அப்பாவோடு ஒன்றாகக் கொடி பிடித்தவர், அவர் கையிலும் பேப்பர் கப். என்னைப் பார்த்ததும் அவர் கப்பைக் கொஞ்சம் மறைத்த மாதிரி இருந்தது, இல்லை, நானாக நினைத்துக்கொண்டேனோ... பெஞ்சில் இருந்த இன்னும் ரெண்டு பேர் கையைப் பார்த்தேன், கிளாஸ், கிளாஸ். ரெங்கசாமி மாதிரியே ரெண்டு பேரும் மேலத்தெரு. நீட்டிய கை அப்படியே நின்றது. எனக்குப் பேப்பர் கப் என்றால் சரி, ஆஸ்பத்திரிக்காரி, பயப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம், சித்தப்பா எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார்? பாசிட்டிவ் வந்த மனுஷன் வாய் வைத்த கிளாஸ் பக்கெட்டுக்குள் போகும், நெகட்டிவ்வாக நிற்கிற என் வாய் பட்டதைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டுமா? வந்து மாதம் ஆகிவிட்டது, இனி ரெங்கசாமியிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்று படித்த புத்தி இந்த நேரம் பார்த்து எடுத்துச் சொல்கிறது, எனக்கு அதன் மேலும் ஆத்திரம் வந்தது, கோபப்படுவதற்குக்கூட ஆதாரம் சரிபார்த்துக்கொண்டு நிற்கிற பிழைப்பு என்ன பிழைப்பு. “இது என்னண்ணே, அவங்களுக்கெல்லாம் கிளாஸு?” என்றேன். பஞ்சநதம் அதிரவே இல்லை, “ஏம்மா, நீதான வந்து சத்தம் போட்ட, பேப்பர் கப்புலதான் குடுக்கணும்னு. நர்சம்மாவுக்குத் தெரியாததா” என்றார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “சித்தப்பாவும் சத்தம் போட்டாரா?” என்றேன். “அவரு நின்னுகிட்டே குடிச்சிட்டுப் போறவரு, அதான் கப்பு” என்றார். ஏன் அவர் நின்றுகொண்டே குடிக்கிறார்? அதைக் கேட்கவில்லை.

அந்த மனுஷனைக் கெட்டவர் என்றும் ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல், ஊரே எங்களைப் பார்த்து ஒதுங்கியபோது எங்கள் வாசலில் பால் பாக்கெட்டை வைத்துவிட்டு மணியடித்துவிட்டுப் போனவர் அவர். அவருடைய அப்பா காலத்தில் எங்கள் ஆட்களுக்குக் கொட்டாங்குச்சி, அப்புறம் கூரையில் சொருகி வைத்த அலுமினியக் குவளை, அப்பா பத்து ஆளோடு போய் இதே கடை பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸில் கொடு என்று கேட்டு, அடிதடியாகி, போலீஸ் வந்து, இவர்களையே பிடித்துக்கொண்டுபோய்... அந்தக் கதையை அப்பா எடுத்தாலே நான் எழுந்து போய்விடுவேன், எத்தனை தடவை கேட்பது, அதெல்லாம் முடிந்துபோன சமாசாரம் என்று இருந்தேன். எத்தனை ஆட்சி வந்தது, டிவி வந்தது, மிக்ஸி வந்தது, எனக்குப் படிப்பு வந்தது, வேலை வந்தது, எல்லாம் உண்மைதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் ஒரு நோய் வந்து போவதற்குள் அந்தக் குவளை பேப்பரில் திரும்பி வரும் என்றால், அதற்கு நானே ஆர்டர் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்றால்... “எனக்குக் கிளாஸுல குடுங்க” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. ரெங்கசாமி வாய்க்காலைப் பார்த்தார். பஞ்சநதம் ஒரு கிளாஸை எடுத்துப் பக்கெட்டில் முக்காமல், பாய்லர் குழாயைத் திறந்து வெந்நீரில் ஒரு அலசு அலசி, “இந்தாம்மா” என்று ஊற்றிக் கொடுத்தார்.

கையில் கிளாஸ், முகத்தில் மாஸ்க், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது தராசைத் தூக்கு பார்க்கலாம். விளிம்பில் யார் எச்சிலோ, வெந்நீரில் ஒரு அலசு போதுமா, போதும் என்று படித்தாயா, போதாது என்று படித்தாயா, வீட்டில் வெள்ளை நுரையீரலோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கேட்டு வாங்கியதைக் குடிக்காமல் வைத்தால் இவர்கள் ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பார்கள், குடித்துவிட்டு அதை அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் யார் அழுவது... ஒரு டீ குடிக்க மேலத்தெருக்காரனுக்கு வாய் இருந்தால் போதும், எனக்கு மட்டும் எதற்கு இவ்வளவு கணக்கு! மாஸ்க்கை இறக்கினேன். குடித்தேன். நாக்கு வெந்தது, பாதியில் நிறுத்தவில்லை, கடைசிச் சொட்டுவரை குடித்துக் கிளாஸைப் பாய்லர் பக்கத்தில் வைத்தேன், பக்கெட்டுக்குள் போகிறதா தனியாக வைக்கிறாரா என்று நின்று பார்த்தேன், அவர் அதைத் தொடவே இல்லை, வேறு யாருக்கோ டீ ஆற்றிக்கொண்டிருந்தார். குஞ்சிதபாதம் சித்தப்பா தன் கப்பைக் கசக்கிக் கீழே போட்டுவிட்டு, “ஒங்கப்பனுக்கு நான் அன்னிக்கே சொன்னன்” என்று என்னைப் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அன்றைக்கே சொன்னார் என்றால் என்றைக்கு? கரையில் வண்டியை ஓட்டிக்கொண்டே நினைக்கிறேன், அப்பா டீ, டீ என்று அனத்த ஆரம்பித்தது தீபாவளிக்கு முந்தின வாரம், அதற்கு முன், ஊரடங்கு போட்டதிலிருந்து, வீட்டு டீயே நன்றாக இருக்கிறது என்று குடித்துக்கொண்டிருந்தவர்தானே, கடைக்குப் போக வேண்டும் என்று கேட்டதே இல்லையே, இந்தக் கப் சமாசாரம் அப்போதுதான் அவர் காதில் விழுந்ததா... வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியவில்லை, வயதானால் குழந்தை மாதிரி என்று நானும் அம்மாவும் பேசிக்கொண்டோம். வாசலில் வண்டியை நிறுத்தினேன், உள்ளே ஏறவில்லை, கிளாஸில் வாய் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்குக் கீழேயே நின்றேன். அப்பா அதே சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பொத்தான் எல்லாம் போட்டு, மாஸ்க்கை மடித்துப் பாக்கெட்டில் வைத்து, தலையும் வாரியிருந்தார். நான் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோத்து வைத்திருந்தேன், கடை சரியில்லைப்பா, பக்கெட் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அத்தனையும் உண்மை, சொன்னால் கேட்டுக்கொள்வார், நுரையீரலும் பிழைக்கும்.

“கடை எப்படி இருக்கு?” என்றார். “காத்து வருதுப்பா” என்றேன், வேறு எதுவோ சொல்லப்போய் அதுதான் வந்தது. “டீ குடிச்சியா?” குடித்தேன் என்றேன். “எதுல குடுத்தான்?” கிளாஸில் என்றேன், அதுவும் உண்மைதானே. அப்பா என் முகத்தையே பார்த்தார், மாஸ்க்குக்கு மேலே என்ன தெரிந்ததோ. “அவனா குடுத்தானா, கேட்டு வாங்கினியா?”

ஏற்றிவிட்ட மாஸ்க்கையே இன்னும் மேலே இழுத்துவிட்டேன். அப்பா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, ஒரு மூச்சு நின்று, செருப்பைத் தேட ஆரம்பித்தார், உள்ளேயிருந்து அம்மா, “என்னடி சொல்ற, போகலாமா வேணாமா?” என்கிறாள். நான் பிறந்ததிலிருந்து இந்தக் கொரோனா வரும்வரை அப்பா தினமும் காலையில் அந்தக் கடைக்குப் போயிருக்கிறார், மழை என்றாலும் போவார், காய்ச்சல் என்றாலும் போவார், டீப் பைத்தியம் என்று கேலி செய்திருக்கிறேன், அந்த டீயெல்லாம் கொடுத்ததா, ஒவ்வொரு நாளும் கேட்டு வாங்கியதா, எனக்குத் தெரியாது, ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. செருப்பு என் பக்கத்தில்தான் கிடந்தது.