கீறலில் வைத்த மை

தாயகம் திரும்பிய வெள்ளைக்கார டாக்டரம்மா தன் தொலைநோக்கியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் அது. வேலூரின் அந்த மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியைகள் பலர் இருந்தும் பெட்டிச் சாவி டோரதியிடம்தான் வந்தது. டாக்டரம்மாவின் மொட்டை மாடியில் பல மாலைகள் நின்று அந்தக் குழாயைப் பொருத்தவும் திருப்பவும் பழகியவள் அவள் ஒருத்திதான். கண்ணாடியில் தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், துடைக்கிறேன் என்று கை வைப்பதுதான் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். டோரதி அதைக் கடைசி வரை மீறவில்லை. மீறியது ஜெபகனி.

பள்ளி வளாகத்தில் ஒரே அறையில் டோரதியும் ஜெபகனியும் தங்கியிருந்தார்கள். ஜெபகனி வயதில் சின்னவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பில் குரல் நடுங்கும். டோரதி தன் இடைவேளையை விட்டுவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வாள். காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவளும் டோரதிதான். ஜெபகனி அவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள்.

அந்த வருஷம் விஞ்ஞானம் கற்பிக்கும் பயிற்சிக்குச் சென்னைக்கு ஒரு ஆசிரியையை அனுப்புவதாக இருந்தது. தலைமையாசிரியை அன்னம்மாள் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, போகப்போவது டோரதி என்பது வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த பெயர் ஜெபகனி.

பாலாறு வறண்டு கிடந்த கோடை அது. காற்றடித்தால் ஆற்று மணல் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். ஜெபகனியின் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் மேஸ்திரி. ஊருக்குப் போய்த் திரும்பியவள் அவர் கொடுத்த ஆட்டுத்தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள்; பட்டுப் போல மெத்தென்று இருந்தது. டோரதி மிஷன் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில், அக்கா வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று, அவள் தலையணைக்கடியில் இருந்த சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, தொலைநோக்கியின் முகப்புக் கண்ணாடியை அந்தத் தோலால் அழுத்தித் துடைத்தாள். தோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மணல் இருந்தது.

டோரதி திரும்பி வந்தபோது ஜெபகனி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கண்ணாடியை விளக்குக்கு நேரே சாய்த்தபோது கீறல் தெரிந்தது. நகத்தின் அகலம்தான் நீளம். முடியை விடக் கொஞ்சம் தடிப்பு.

"பெரிய டீச்சரம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை வேலைய விட்டு அனுப்பிடுவாங்கக்கா. எங்கப்பாவுக்கு இன்னா பதில் சொல்வேன்?"

"அழாதடி. மொதல்ல இது எவ்ளோ கெட்டிருக்குன்னு பாப்போம்."

சனிக்கிழமை இருவரும் கண்ணாடியை அதன் பித்தளை வளையத்தோடு துணியில் சுற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை மக்பூல் அகமது அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் கை வெச்சது இதுல?"

"நான்தான் பாய்," என்றாள் ஜெபகனி. "தேச்சு எடுத்துட முடியுமா?"

"தேய்க்கலாம்மா. ஆனா கீறல் போறதுக்குள்ள கண்ணாடியோட வளைவும் போய்டும். அப்புறம் எதுவும் தெளிவா தெரியாது. இந்தக் கீறல் தடுக்கிற வெளிச்சம் ரொம்ப கம்மி. பேஜார் ஆகாம விட்டுடுங்க."

அன்று மாலை அரை நிலா இருந்தது. மாடியில் குழாயை நிறுத்தி டோரதி பார்த்தாள். நட்சத்திரங்கள் முன்பு போலவே கூர்மையாக இருந்தன. நிலாவைப் பார்க்கும்போது மட்டும் அதன் விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு வெளியே வழிந்தது. கீறலின் ஓரங்கள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன என்று அவளுக்குப் புரிந்தது. கீறல் கறுப்பாகிவிட்டால் சிதறாது. படம் வரையும் கறுப்பு மையைக் கொண்டுவந்து, தூரிகையின் நுனியால் கீறலின் பள்ளத்தை நிரப்பினாள். காய்ந்ததும் மேலே படிந்திருந்ததைச் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தாள். மறுபடி நிலாவைப் பார்த்தபோது அந்தக் கோடு இல்லை. அதிலுள்ள மலைகளின் நிழல்கள்கூடத் துல்லியமாக விழுந்திருந்தன.

ஜெபகனி பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"திங்கக்கிழமை ரெண்டு பேரும் போய்ச் சொல்லிடுவோம்," என்றாள் டோரதி. "கீறல் விழுந்தது, இப்படிச் சரி பண்ணியாச்சுன்னு. திட்டுவாங்க. அவ்ளோதான்."

"நான் மட்டும் போறேன்க்கா. நான் செஞ்சது. என் வாயால சொன்னாதான் மரியாதை."

டோரதிக்கு மனசு நிறைந்துபோயிற்று. பயந்தாங்கொள்ளிக்கு இவ்வளவு தைரியம் வந்துவிட்டதே என்று நினைத்தாள். திங்கட்கிழமை வேதாகம வகுப்பு முடிந்ததும் ஜெபகனி புடவையை நீவிவிட்டுக்கொண்டு, துணியில் சுற்றிய கண்ணாடியோடு அலுவலக அறைக்குள் போவதை எதிர் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தாள். அவளுக்காக ஒரு சின்ன ஜெபமும் செய்தாள்.

மத்தியானம் டோரதிக்கு அழைப்பு வந்தது. அன்னம்மாளின் மேசைமேல், ஒரு கைக்குட்டை விரிப்பில், கண்ணாடி கிடந்தது.

"இந்தக் கறுப்பு யார் வெச்சது?"

"நான்தாம்மா."

"கீறலை இப்படி மறைச்சா எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

டோரதிக்கு முதலில் விளங்கவில்லை. "மறைக்கலம்மா. வெளிச்சம் சிதறாம இருக்க அப்படி வெக்கணும். ஜெபகனி உங்ககிட்ட சொல்லலியா?"

"சொன்னா. அழுதுகிட்டே சொன்னா. நீங்க துடைக்கப் போய்க் கீறிட்டீங்களாம். வெளியில சொல்லாதன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினீங்களாம். சத்தியத்தை மீறிட்டேனேன்னு உங்களுக்காகத்தான் அழுதா."

டோரதி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். தோல் துண்டு, மணல், கடைத்தெரு, நிலா. சொல்லச் சொல்ல எதிரிலிருந்த முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

"பழியை அவ மேல போடுவீங்கன்னும் சொன்னா," என்றார் அன்னம்மாள். "நான் நம்பல. இப்ப என் காதாலயே கேக்கறேன்."

"மக்பூல் பாயை விசாரிச்சுப் பாருங்கம்மா. அவர் எதிர்லதான் ஜெபகனி தான் செஞ்சதுன்னு ஒத்துக்கிட்டா."

"என் பள்ளிக்கூடத்து டீச்சர்ல யார் யோக்கியம்னு கடைத்தெருவுல போய் நான் கேக்கணுமா? சாவியை வெச்சிட்டுப் போங்க."

அறைக்குத் திரும்பியபோது ஜெபகனி தன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. டோரதி கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றாள். கத்த வேண்டும் போலிருந்தது. வாயில் வந்தது ஒரே வார்த்தைதான்.

"ஏன்?"

 ஜெபகனி மடித்த புடவையிடம் பேசுகிற மாதிரி சொன்னாள். "இந்த வருஷம் மெட்ராஸ் போகலன்னா ஷாப்புல அப்பாவோட வேல செய்யற ஆளுக்கு என்னைக் கட்டிடுவாங்க. அந்தாளுக்கு இது ரெண்டாந்தாரம். உங்களுக்கு அந்த மாதிரி எதுவும் இல்லக்கா."

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனே."

"தெரியும்."

"அப்புறம்?"

"நீங்க குடுத்து நான் போனா காலம்பூரா அது நீங்க குடுத்ததாவே இருக்கும்."

டோரதி அன்று சாயங்காலமே தன் பாயையும் டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு விடுதிச் சிறுமிகளின் கூடத்துக்குப் போய்விட்டாள். ஜெபகனி சென்னைக்குப் புறப்பட்ட காலையில் பிள்ளைகள் எல்லோரும் வாசலில் நின்று பாடினார்கள். டோரதி சமையலறையில் அரிசி அளந்துகொண்டிருந்தாள். பாட்டு அங்கேயும் கேட்டது.

அன்னம்மாள் கண்ணாடியிலிருந்த மையைக் கழுவி எடுக்கச் சொல்லியிருந்தார். மழைக்காலம் முடிந்து சபையின் பெரியவர்கள் பள்ளியைப் பார்க்க வந்தபோது, பொழுது சாய்ந்ததும் தொலைநோக்கியை மாடிக்கு ஏற்றினார்கள். முழு நிலா. பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் நிலாவுக்கு வால் முளைத்திருக்கிறதே என்று கேட்டார்கள். அன்னம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த டோரதியைக் கைகாட்டி அழைத்தார்.

"இதைச் சரி பண்ண முடியுமா?"

"மை வேணும்மா."

பெரியவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் வால் போய்விட்டது. அன்னம்மாள் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தார். மறுநாள் அவர் குடையை எடுத்துக்கொண்டு தனியாகக் கடைத்தெருவுக்குப் போனதாகக் காவல்காரர் சொன்னார்.

அடுத்த வாரம் டோரதியை அழைத்துச் சாவியைக் கையில் கொடுத்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"மக்பூல் சொன்னார்," என்றார். "நான் அன்னிக்கே போயிருக்கணும். என் தப்பு."

"ஜெபகனி விஷயம்?"

அன்னம்மாள் மேசை விரிப்பின் ஓரத்தை நேராக்கினார். "பயிற்சி பாதிக்கு மேல முடிஞ்சிடுச்சு. இப்பக் கூப்பிட்டா பள்ளிக்கூடத்துக்கு அசிங்கம். நீங்க பெரிய மனசு உள்ளவங்க. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

ஜெபகனியிடம் ஏமாந்தது ஒரு வலி. உண்மை தெரிந்த பிறகும் அதை மூடி வைக்கச் சொல்கிறார்களே, இது வேறு வலி. இதற்கு அழக்கூட வரவில்லை. சரி என்றும் சொல்லாமல், முடியாது என்றும் சொல்லாமல், டோரதி சாவியோடு வெளியே வந்தாள்.

தை மாதத்தில் வானம் தெளிந்ததும் விடுதிப் பிள்ளைகளுக்கு வியாழன் கிரகத்தைக் காட்ட மாடிக்கு அழைத்துப் போனாள். வரிசையில் நின்ற பெரிய பெண் ஒருத்தி, புதிதாகச் சேர்ந்த சிறுமியின் காதில் சொன்னது டோரதிக்குக் கேட்டது.

"பாத்து நில்லு. அதுல ஒரு கீறல் இருக்கு. நம்ம டோரதி டீச்சர் கீறினது."

டோரதி குழாயிலிருந்து கையை எடுத்தாள். இத்தனை மாதமாக இது எத்தனை வாய்களில் போய் வந்திருக்கும் என்று தோன்றியது.  அந்தப் பெண் பயந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் கீறல," என்றாள் டோரதி. குரல் அவள் எதிர்பார்த்ததைவிடச் சாதாரணமாகவே வந்தது.

புதுச் சிறுமிக்குப் பயம் தெரியவில்லை. "அப்ப யாரு டீச்சர்?"

"ஜெபகனி டீச்சர்," என்று சொல்லிவிட்டு டோரதி அவளை முக்காலியில் ஏற்றி நிறுத்தினாள்.