இடது கன்னத்துக் குழி

அந்த ஊரில் சர்க்கரை நோயாளியின் கண்ணிலிருந்து நழுவும் காட்சி, வருடாவருடம் தவறாமல் கண் பரிசோதனை செய்துகொள்ளும் வேறொரு சர்க்கரைக்காரரின் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நழுவும்போது வலிக்காது. அதனால் இழந்தவருக்கு எதுவும் தெரியாது.

கோமதிக்கும் தெரியவில்லை. ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாள், கண்ணைக் காட்டியதில்லை. "ஊசியில நூல் கோக்கேன். எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்பாள். மாடியில் குடியிருந்த அவளுடைய ஓரகத்தி செண்பகவல்லிக்கும் சர்க்கரைதான்; ஆனால் அவள் பங்குனிதோறும் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவில் வந்து இறங்குவாள்.

ஒரு காலையில் இருவரும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது செண்பகவல்லி சொன்னாள்: "கொழுந்தனார் சிரிச்சா இடது கன்னத்துல குழி விழுது கோமதி. இத்தன வருஷம் நான் பாத்ததில்ல. போன மாசத்துல இருந்துதான் தெரியுது."

கோமதியின் கை நின்றது. அந்தக் குழியைப் பார்த்துத்தான் அவள் சங்கரலிங்கத்துக்குச் சம்மதம் சொல்லியிருந்தாள். உள்ளே போய் அவரைச் சிரிக்கச் சொன்னாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். கன்னம் வழவழவென்று இருந்தது.

"இன்னொரு தடவ."

சிரித்தார். இல்லை.

"இனிமே மாடிக்குப் போனா சிரிக்காதீங்க" என்றாள். அவர் சரி என்றார். மூன்று நாள் இடது கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அண்ணனிடம் பேசிவிட்டு வந்தார். அப்படியும் கோமதிக்கு ஆறவில்லை. இனி ஒரு துரும்புகூட மேலே போகக் கூடாது என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

டாக்டர் சொட்டு மருந்து விட்டு வெகுநேரம் பார்த்தார். "விழித்திரையில ரத்தக்குழாய் கசிஞ்சிருக்கும்மா. முன்னாடியே வந்திருந்தா எல்லாம் உங்ககிட்டயே இருந்திருக்கும்."

"குழி திரும்ப வருமா?"

"போனது வராது. மிச்சத்தை லேசர்ல காப்பாத்தலாம். சர்க்கரையைக் கட்டுப்பாட்டுல வைங்க. வருஷம் தவறாம வாங்க."

லேசர் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கியபோது, செண்பகவல்லி படியில் நின்றிருந்தாள். கோமதி அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"இப்பவும் விழுதாக்கா?"

"இன்னைக்கு ரெண்டு தடவ விழுந்துச்சு."

"எவ்வளவு ஆழம்?"

செண்பகவல்லி அவள் உள்ளங்கையை விரித்து, சுண்டுவிரல் நுனியால் மெல்ல அழுத்திக் காட்டினாள். கோமதி கையை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

அடுத்த வாரம் சமையலறையில் ஒரு யானை நின்றது. பின் தெருவில் இருக்கும் கோயில் பாகனுக்கும் சர்க்கரை, அவர் இன்னும் கண்ணைக் காட்டவில்லை என்று கோமதிக்குப் புரிந்தது. தன் கண்ணுக்கு யானை தெரியாவிட்டாலும் சங்கரலிங்கம் சிலிண்டரை ஓரமாக நகர்த்திக் கொடுத்தார். அவள் வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு, மாடிப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

"அக்காகிட்ட சொல்லிராதீங்க" என்றாள்.