அகரவரிசையில் ஒரு முழங்கால்

சிரும் என்பது எங்கள் நாட்டு மணல் மல்யுத்தம். எங்கள் மாநில சிரும் சங்கத்துக்கு மருத்துவ ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. மூன்று பேர். மூவரும் எலும்பு வைத்தியர்கள், விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் என்று எங்கள் இணையதளத்தில் போட்டிருக்கிறது. போட்டது நான்தான். அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் போட்டேன். வருடக்கணக்காக இந்த அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறேன். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் அதை ஏற்றுவதுதான் என் வேலை.

குழுத் தலைவர் பேராசிரியர் ஹ்வாங்போ. அவருடைய தகுதிகளைத் திரையில் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். முன்னாள் துறைத் தலைவர், முன்னாள் கழகத் தலைவர், முன்னாள் அமைச்சக ஆலோசகர், முன்னாள் அமெரிக்கப் பல்கலைக்கழக வருகைப் பேராசிரியர். அந்த அமெரிக்க வருடத்தைப் பற்றி அவர் மனைவியே ஒரு விருந்தில் என்னிடம் சொன்னார்: "அங்க போயி கோல்ஃப் நல்லாக் கத்துக்கிட்டு வந்தாரு." மனுஷன் வாழ்நாள் முழுக்கச் செய்தது வயதான பெண்களுக்கு இடுப்பு மூட்டு மாற்றுகிற ஆபரேஷன். அதில் கெட்டிக்காரர், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் மணல் வட்டத்தில் இறங்குகிற பெண்களுக்கு இருபது சொச்சம் வயது.

அடுத்தவர் பேராசிரியர் சொக். முயலின் கால் எலும்பை உடைத்து, அது எத்தனை நாளில் ஒட்டுகிறது என்று எழுதி எழுதியே பேராசிரியர் ஆனவர். 'சர்வதேசப் போட்டியின் அதிகாரபூர்வ மருத்துவர்' என்று அவர் பெயருக்குக் கீழே ஒரு வரி பளபளக்கும். அது வில்வித்தைப் போட்டி. அந்தப் போட்டி முழுவதிலும் அடிபட்ட ஒரே ஆள் அவர்தான்; பேருந்துப் படியில் கால் தவறிவிட்டது. அதற்கப்புறம் எந்தப் போட்டிக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை.

மூன்றாமவர் டாக்டர் கூ. இன்னும் நாற்பதாகவில்லை. அவர் பெயருக்குக் கீழே இரண்டே வரி. கல்லூரிக் காலத்தில் ஜூடோ ஆடியவர், இப்போது தினமும் விளையாட்டுக்காரர்களின் முழங்காலோடும் தோள்பட்டையோடும் மாரடிக்கிறவர். மூவரும் ஒரே மருத்துவக் கல்லூரி. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. எந்த வருடம் கல்லூரியில் சேர்ந்தாய் என்பதுதான் அங்கே ஜாதகம். முன்னால் சேர்ந்தவர் சாகும்வரை சீனியர். எங்கள் கூட்டங்களில் மற்ற இருவருக்கும் காபி எடுத்து நீட்டுவது கூதான்.

போன வருடம் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. குழு உறுப்பினர் பெயர்களைப் பதவிப்படி போடாதே, அகரவரிசையில் போடு. எங்கள் எழுத்தில் முதலில் வருவது 'க', கடைசியில் வருவது 'ஹ'. நான் உத்தரவுப்படி மாற்றினேன். கூ உச்சியில் ஏறி உட்கார்ந்தார், ஹ்வாங்போ அடியில் போய் விழுந்தார். மறுநாள் காலை என் மேஜைத் தொலைபேசி அடித்தது.

"மிஸ் பியோ." எனக்கு நாற்பத்தெட்டு வயது, மகன் கட்டாய ராணுவ சேவையே முடித்துவிட்டான், ஆனாலும் அவருக்கு நான் மிஸ் பியோதான். "நான் என்ன செத்தா போயிட்டேன்? எம்பேரு அடியில கிடக்குது."

"அகரவரிசைங்க ஐயா. மேலிடத்து உத்தரவு."

"அகரவரிசையைக் கண்டுபிடிச்சவரு எந்த வருஷத்து பேட்ச்சும்மா? என்னைவிட சீனியரா?"

எழுத்தைக் கண்டுபிடித்தவர் பல நூறு வருடத்துக்கு முந்தைய எங்கள் நாட்டு ராஜா. நிச்சயமாக சீனியர்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். இதைப் பேசியே குழுவின் இரண்டு கூட்டங்கள் முடிந்தன. கடைசியில் தலைப்புக்குக் கீழே 'அகரவரிசைப்படி' என்று கொட்டை எழுத்தில் போடுவது என்று தீர்மானம் ஆயிற்று. நடுவில் கூ தனியாக வந்து, "மேடம், எம்பேரை எடுத்தே விட்டுடுங்களேன். சீனியர் தலைக்கு மேல நான் இருக்கேன்னு நினைச்சாலே சோறு இறங்க மாட்டேங்குது" என்றார். மெய்யாகவே இளைத்துப் போயிருந்தார்.

குழுவுக்கு வேலை என்று உருப்படியாக ஒன்று வந்தது மா யூரிமால்தான். மாவட்ட அணியில் ஆடுகிற பெண், இருபத்து நான்கு வயது. என்னை அக்கா என்பாள். எங்கள் ஆட்டத்தில் இருவரும் மணலில் மண்டியிட்டு, ஒருவர் இடுப்புத் துணியை மற்றவர் பிடித்து, தோளில் தோள் சாய்த்து ஒன்றாக எழ வேண்டும். எழுந்த பிறகுதான் சண்டை. அந்த எழும் நேரத்தில் அவள் வலது முட்டி உள்ளே நழுவியது. ஸ்கேன் எடுத்த உள்ளூர் மருத்துவமனை 'ஜவ்வு கிழிந்திருக்கலாம், நிபுணர் பார்க்க வேண்டும்' என்று எழுதி எங்கள் தலையில் கட்டியது.

அவள் பிழைப்பே அதில்தான் தொங்கியது. குழு 'ஓய்வு' என்று சொன்னால், அணி சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து அவளை வைத்துக்கொள்ள வேண்டும். 'ஆடலாம்' என்று சொன்னால், புத்தாண்டுப் போட்டியில் அவள் இறங்கியே ஆக வேண்டும். மாட்டேன் என்றால் ஒப்பந்தம் போச்சு. ஊரில் அப்பாவுக்கு டயாலிசிஸ். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

கூட்டத்தன்று கூ முன்னாலேயே வந்துவிட்டார். வராந்தா பெஞ்சில் யூரிமைப் பார்த்ததும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவள் காலை மடக்கச் சொல்லி, கெண்டைக்காலைப் பிடித்து மெல்ல முன்னால் இழுத்தார். விட்டுவிட்டு மறுபடி இழுத்தார். முகம் மாறிவிட்டது.

"ஜவ்வு போயிருக்கு" என்றார். "ஆடாதே. ஆடினா மிச்சமும் கெட்டுரும்."

"உள்ளயும் இதைச் சொல்லுவீங்கல்ல டாக்டர்?"

"சொல்றேன், சொல்றேன்."

எனக்குப் பயம்தான். எங்கள் கூட்டங்களில் மூத்தவர் முதலில் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஹ்வாங்போ வாயைத் திறந்துவிட்டால் கூவின் வாய் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். மூவரும் வந்து, யூரிமையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததும் அதை எடுத்துவிட்டேன்.

"ஐயா, மேலிடத்துல இப்ப கூட்டக் குறிப்பையும் அகரவரிசையிலதான் கேக்கறாங்க. அந்த வரிசையிலயே ஒவ்வொருத்தர் கருத்தையும் சொல்லிடலாமா?"

ஹ்வாங்போவின் முகம் புளியைத் தின்ற மாதிரி ஆயிற்று. "கேளுங்க, கேளுங்க. இதான ஜனநாயகம்" என்று காபியைக் கலக்கினார்.

கூ எழுந்து நின்றார். ஸ்கேன் படத்தைக் கையில் எடுத்தார். யூரிமைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"இந்த விஷயத்துல, ஹ்வாங்போ சீனியர் என்ன சொல்லப்போறாரோ அதுதான் என்னோட கருத்தும்."

"அவரு இன்னும் ஒண்ணுமே சொல்லலையே டாக்டர்" என்றேன்.

"சொன்னப்புறம், அதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

"கூ சொன்னதை நான் அப்படியே வழிமொழியறேன்" என்றார் சொக்.

ஒன்றுமில்லாததற்கு இரண்டு ஓட்டு விழுந்தாயிற்று. ஹ்வாங்போ நிமிர்ந்து யூரிமைப் பார்த்தார். "எந்தக் காலும்மா?"

"வலது கால் ஐயா."

"நடந்து காட்டு." அவள் கதவுவரை போய்த் திரும்பினாள். "நல்லாத்தானே நடக்கறா. என்கிட்ட வர்ற அம்மாமாரெல்லாம் ரெண்டு இடுப்பையும் மாத்திக்கிட்டு மலையேறுறாங்க."

"நடக்கறப்ப ஒண்ணுமில்ல ஐயா. மண்டி போட்டு எழும்போதுதான் நழுவுது."

"அப்ப மண்டி போடாம ஆடிட்டுப் போயேன்."

சிரும் சங்கத்தின் தலைமை மருத்துவ ஆலோசகர் சொன்னது இது. சொக் கூடக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். யூரிம் கூவின் பக்கம் திரும்பினாள். "டாக்டர், வெளிய நீங்க வேற சொன்னீங்களே. கையால புடிச்சுப் பாத்துட்டு."

கூவின் காது சிவந்தது. "அது, நான் தொட்டுப் பாத்துச் சொன்னது. இது குழு முடிவு."

"தொட்டுப் பாத்தியா?" என்றார் ஹ்வாங்போ. "குழு உக்காரறதுக்கு முன்னாடி உன்னை யாரு தொடச் சொன்னா?"

"தப்புதான் சீனியர். மன்னிச்சிடுங்க."

"பயம்மா, பயம்" என்று ஹ்வாங்போ யூரிமிடம் கனிவாகச் சொன்னார். "இந்த வயசுல வலியைவிட பயம்தான் பெரிசாத் தெரியும். ஆடலாம். தாராளமா ஆடலாம்." மூவரும் கையெழுத்துப் போட்டார்கள், அதையும் அகரவரிசையிலேயே. கூ காலிக் கோப்பைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

அவரை மாடிப்படியில் மடக்கினேன். "உங்க வாயில என்ன கொழுக்கட்டையா? முதல்ல பேச வழி பண்ணிக் கொடுத்தேனே."

"முதல்ல பேசறதுதான் மேடம் கஷ்டம்" என்றார். "அவரு மனசுல என்ன இருக்குன்னு தெரியாமலே பேசணும். அடுத்த மாசம் பல்கலைக்கழகத்துல ஒரு இடம் காலியாகுது, அவரு சொன்னாத்தான் கிடைக்கும்."

அப்படியே ஒரு அறை விடலாம் போல இருந்தது. அன்று மாலை சங்கச் செலவில் மாட்டு விலா எலும்பு சுட்டுத் தின்றார்கள். மூன்று நிபுணர்களும் அன்று ஒன்றாகக் கை வைத்து ஆராய்ந்த எலும்பு அதுதான். கறியைக் கத்தரித்துத் தட்டில் வைத்தது கூ. நான் வயிற்றுவலி என்று சொல்லிப் பாதியில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

புத்தாண்டுப் போட்டியில் யூரிம் இறங்கினாள். மண்டியிட்டாள், துணியைப் பிடித்தாள், நடுவர் விசில் ஊதினார். எதிராளி ஒன்றும் செய்யவில்லை. எழும்போதே யூரிம் பக்கவாட்டில் சரிந்தாள். அந்தப் பெண் துணியை விடவும் தெரியாமல், இழுக்கவும் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றது. யூரிம் மணலில் முகம் புதைத்துக் கிடந்தாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வாயெல்லாம் மணல்.

வேறு ஊரில் ஆபரேஷன் நடந்தது. ஆடத் தகுதி என்று மூன்று நிபுணர்கள் எழுதிக் கொடுத்த கால், ஆகவே பழைய காயம் என்று எதுவும் கிடையாது, அவளுடைய கவனக்குறைவுதான் என்று அணி சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

வசந்தத்தில் ஹ்வாங்போவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டுமாம்: 'சிரும் வீராங்கனை மா யூரிமின் முழங்கால் சிகிச்சைக்கு ஆலோசனை வழங்கியவர்.' மணலில் விழுந்த செய்தியோடு பத்திரிகையில் அவள் பெயர் வந்திருந்ததே, அதனால். மறுநாளே சொக்கிடமிருந்தும் அதே வரி. கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு ஏற்றினேன்.

அந்த வாரம் அணியின் உடைகளைத் திருப்பிக் கொடுக்க யூரிம் வந்தாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன், தொலைபேசி அடித்தது. கையெல்லாம் சாறு, ஸ்பீக்கரை அமுக்கினேன்.

"மேடம், கூ பேசறேன். சீனியர் ரெண்டு பேரும் யூரிம் விஷயமா ஒரு வரி சேத்திருக்காங்கல்ல? எனக்கும் அதைச் சேத்துடறீங்களா? எம்பேரு மேல இருக்கு. அவங்களுக்கு இருந்து எனக்கு மட்டும் இல்லேன்னா, நான் என்னமோ ஒத்துப்போகாத மாதிரி தெரியுது."

நான் வாயைத் திறப்பதற்குள் யூரிம் தொலைபேசியின் பக்கம் குனிந்தாள். "டாக்டர், யூரிம் பேசறேன்."

"கால் எப்படிம்மா இருக்கு?" என்றார் அவர்.

"நீங்க சொன்னபடிதான் டாக்டர். திறந்து பாத்தா முழுசாக் கிழிஞ்சிருந்துச்சாம். நீங்க ஒருத்தர்தான் சரியாச் சொன்னீங்க."

"அப்படியா" என்றார் கூ. குரலில் சட்டென்று ஒரு தெம்பு வந்துவிட்டது. "தொட்டதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. அதெல்லாம் கை சொல்லிடும்." கொஞ்சம் தயங்கினார். "அப்ப, அந்த வரியைப் போட்டுக்கறதுல உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

யூரிம் என்னைப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "போட்டுடுங்க அக்கா" என்றாள். இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி எழப் பார்த்தாள். எழ நேரம் பிடித்தது. தொலைபேசியில் கூ நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்.