எனக்கு நானே எழுதிய நன்றிச் சீட்டு

ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் சலவைக்கூடம் எங்களுடையது. தேய்ப்பு இயந்திரத்தில் எனக்குப் பதினோரு வருஷம். வயசில் மூத்தவன் என்பதால் எல்லோருக்கும் நான் 'அண்ணன்'. ஆனாலும் நன்றிப் பலகையில் ஒரு தடவைகூட நான் வரவில்லை.

சூப்பர்வைசர் அக்கா மாட்டிய பலகை அது. கூட வேலை செய்கிறவர் செய்த உதவியைக் கிழமையோடு சீட்டில் எழுதிக் குத்த வேண்டும். எழுதினவர் பெயர் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா சத்தமாக வாசிப்பார். வாசிப்பதெல்லாம் குண்டூசிக்குத்தான்.

ஆள் ஒல்லி, அதனால் குண்டூசி. பக்கத்து மேஜையில் துணி மடிக்கிறவன். வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. மூட்டை தூக்கிக் கொடுத்த குண்டூசிக்கு நன்றி, கைக்காயத்துக்குக் கட்டுப் போட்ட குண்டூசிக்கு நன்றி. எல்லாவற்றுக்கும் கை தட்டுவேன். வயிறு தனியாக எரியும். அவன் செய்கிறதை நானும் செய்யலாம்தான். எழுந்து போக வேண்டுமே.

அதனால் எனக்கு நானே எழுதிக்கொண்டேன், இடது கையால், மூன்று சீட்டு. ஒன்றில், 'இயந்திரம் சிக்கியபோது சரிசெய்த அண்ணனுக்கு நன்றி' என்று போட்டேன். எங்கள் இயந்திரம் தினமும் சிக்கும். எந்தக் கிழமையும் பொருந்தும் என்று புதன் போட்டு வைத்தேன்.

சனிக்கிழமை அதை வாசித்த அக்கா கண்ணாடியை இறக்கினார்.

"புதன்கிழமை நீங்க பல்லு புடுங்க லீவு போட்டிருந்தீங்களே?"

கூடமே திரும்பிப் பார்த்தது. 

"அன்னிக்கும் சிக்குச்சுக்கா," என்றான் குண்டூசி. "நான்தான் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். வாயில பஞ்ச வச்சுக்கிட்டே 'ம்ம்... ம்ம்'னு வழி சொன்னாரு."

சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து வந்தன. காப்பாற்றிவிட்டான், பாவி. இப்படி ஒரு பொய் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

கூட்டம் கலைந்ததும் அவன் மேஜைக்குப் போனேன். அதற்குப் பல் பிடுங்கினதே தேவலை.

"நன்றிப்பா."

"எதுக்குண்ணே?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"மூணு சீட்டு எழுதினதப் பாத்தேன்ணே, ஒண்ணாவது வேற யாருக்காவது எழுதியிருக்கலாம்ல," என்றான், தலையணை உறையை மடித்தபடி.

திங்கட்கிழமை அவனுக்கு எழுதச் சீட்டெடுத்தேன். பொய் சொன்னதற்கு நன்றி என்று பலகையில் குத்த முடியுமா? வேறு காரணம் தேடி, நாள் முழுக்க அவனை ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரே மின்விசிறி. அது முழுக்க என் பக்கமே திரும்பியிருந்தது. அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"நான் சேர்ந்ததுலேர்ந்து. நீங்கதான சூட்டுல நிக்கிறீங்க."

இத்தனை நாளும் அந்தக் காற்றில் நின்றுகொண்டுதான் அவன்மேல் வயிறு எரிந்திருக்கிறேன்.

மின்விசிறியை நடுவில் திருப்பிவிட்டு, வலது கையால் எழுதினேன். அடுத்த சனிக்கிழமை அக்கா அதை வாசித்தபோது கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. நானும் தட்டினேன். எழுதினது நான், கைதட்டல் வாங்குவது அவன். கொஞ்சம் எரிந்தது.