ஏழாவது வழி

மாதனூர் கிளினிக் சுவரில் அந்தத் தாளை ஒட்டிய அன்று முதலில் சிரித்தவர்கள் பெண்கள்தான். ‘குடும்ப மருத்துவத்துக்குக் கைகொடுங்கள்’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்கள் கையிலும் ஆளுக்கொன்று திணித்தார்கள். குடும்பம் என்கிற சொல்லையும் ஆஸ்பத்திரியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒன்றுதான் ஞாபகம் வரும்.

“எனுக்குதான் ரெண்டாவதோட ஆபரேஷன் பண்ணிட்டாங்களே. இன்னும் இன்னாத்த கட்டுப்படுத்தப் போறாங்களாம்?” என்றாள் கோவிந்தம்மாள்.

“உனுக்கு இல்லக்கா, உங்க ஊட்டுக்காரருக்கு” என்றாள் மேகலா. பஸ் வருகிறவரை சிரிப்பு ஓயவில்லை.

தானியேல் சிரிக்கவில்லை. குடும்ப மருத்துவம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஒரே டாக்டர் பார்ப்பது. போன மாசம் நீ சொன்னதை இந்த மாசம் அந்த டாக்டர் ஞாபகம் வைத்திருப்பது. உடம்பை மட்டும் கேட்காமல், வீட்டில் யார் சமைக்கிறார்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், என்ன மாத்திரை போடுகிறீர்கள், அதை யார் வாங்கித் தருகிறார்கள் என்றெல்லாம் கேட்பது. கடைசிக் கேள்வியை அம்பரீன் டாக்டர் கேட்டபோதுதான் அவன் பொய் சொன்னான்.

தாளில் கொடுக்கும் வழிகள் ஏழு போட்டிருந்தது. ஒரே தடவையாகக் கொடுக்கலாம், சம்பளத்தில் மாசா மாசம் பிடிக்கச் சொல்லலாம், இறந்தவர் நினைவாகக் கொடுக்கலாம், பிள்ளைகள் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வந்து உழைப்பைக் கொடுக்கலாம், பொருளாகவும் கொடுக்கலாம். ஏழாவதாக, ‘உங்கள் அனுபவத்தை நாலு பேரிடம் சொல்வதும் நன்கொடையே’ என்றிருந்தது. தானியேல் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். ஒன்றும் இல்லாதவன் மனசு கோணக் கூடாது என்று எழுதிய வரி. அவன் ஆறாவதைப் பிடித்துக்கொண்டான்.

கிளினிக்கில் டாக்டர் படுக்கவைத்துப் பார்க்கிற கட்டிலுக்குப் போட்ட ரெக்ஸின் கிழிந்து, உள்ளே மஞ்சள் பஞ்சு தெரிந்தது. வெயில் காலத்தில் முதுகில் ஒட்டிக்கொள்ளும். எழுந்திருக்கும்போது அவன் மனைவி பிரிசில்லா ஒவ்வொரு தடவையும் சொல்வாள், “நாம தோல உரிக்கிறோம், இது நம்ம தோல உரிக்குது.” கடைசி எட்டு மாசம் அவள் அந்தக் கட்டிலில் எத்தனையோ தடவை படுத்து எழுந்தாள். முடிவில் கிளினிக்குக்கு வர முடியாமல் போனபோது அம்பரீன் டாக்டரே ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தார்.

பிரிசில்லா பதினாறு வருஷம் அவன் வேலை செய்கிற அதே ஷூ கம்பெனியில் பசை தடவுகிற மேஜையில் நின்றவள். இடுப்பு வலி, தலைவலி, முட்டி வலி. காலையில் பஸ் ஏறும்முன் ஒரு வலி மாத்திரை, மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஒன்று. லைனில் பாதிப் பேர் அப்படித்தான். மாத்திரையை வாங்கி வந்தவன் தானியேல். சனிக்கிழமை தவறாமல், பிரியாணிக் கடைக்குப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில், சீட்டு ஒன்றும் இல்லாமல், இரண்டு அட்டை. ஒரு சனிக்கிழமை அவன் மறந்துவிட்டு வந்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவனே திரும்ப சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆறு கிலோமீட்டர் போய் வாங்கி வந்தான். பொண்டாட்டி மேல் எவ்வளவு பிரியம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

கிட்னி இரண்டும் போனதற்கு அதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். “இத்தனை வருஷமா யார் வாங்கிக் கொடுத்தாங்க?” என்று கேட்டார். கட்டிலில் பிரிசில்லா படுத்திருந்தாள். தானியேல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “தெரியல மேடம், அவளே வாங்கிப் போட்டுக்குவா” என்றான். பிரிசில்லா அவனைப் பார்க்கவில்லை. சரி என்கிற மாதிரி தலையை மட்டும் ஆட்டினாள்.

அவள் போய் இரண்டு வருஷமாகிறது. அந்தத் தலையாட்டல் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் கட்டில். அதன்மேல் போடுவதற்கு ரெக்ஸின் என்ன ரெக்ஸின்? அவன் முப்பது வருஷமாகக் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறவன். தோலை விரித்ததும் உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, சூடு போட்ட இடம் எல்லாவற்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் அச்சுகளை நெருக்கி வைத்து வெட்டுவான். அவன் வெட்டிய தோலில் கழிவு உள்ளங்கை அளவுகூட விழாது. ஊரெல்லாம் தோல் பதனிடுகிற இடத்தில், சாகப் போகிறவளைப் படுக்க வைக்க ஒரு நல்ல தோல் இல்லையா என்பது அவனுக்கு அந்தக் காலத்திலேயே தோன்றியதுதான்.

பேரணாம்பட்டில் நயீம் அகமது பாயிடம் போனான். பாய் தோல் வியாபாரி. பழைய பழக்கம்.

“கட்டிலுக்கா? இன்னாத்துக்குய்யா பேஜாரு, ரெக்ஸின் வாங்கிப் போட்டுட்டுப் போ” என்றார் பாய்.

“ஆஸ்பத்திரிக்கு பாய். பிரிசில்லா படுத்த கட்டிலு.”

பாய் சாவிக்கொத்தை எடுத்தார். பிறகு கோடவுனுக்குள் கூட்டிப்போனார். “நீயே எடு. உன் கண்ணுக்கு நான் எடுத்துக் குடுத்தா குத்தம் சொல்லுவ.”

பதினேழு தோலைப் புரட்டினான். வயிற்றுப் பக்கம் தொளதொளப்பு இல்லாத, முதுகு ஏழடிக்குக் குறையாத, தழும்பே இல்லாத கறுப்பு மாட்டுத் தோல் ஒன்று. வெள்ளிப் பேனாவைத் திறக்க வேலையே இல்லாத தோலை அவன் தன் வாழ்நாளில் நாலைந்துதான் பார்த்திருப்பான். பாய் அதைச் சுருட்டிக் கையில் கொடுத்து, “பாதிப் புண்ணியம் எனுக்கு, ஆமா” என்றார்.

மேகலா பக்கத்து வீடு. ஸ்டிச்சிங் லைனில் இருக்கிறாள். பிரிசில்லாவை அக்கா என்பாள், இவனை மாமா என்பாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மூலைகளை இரட்டைத் தையல் போட்டாள். “அக்கா இருந்தா இதுல படுக்காது மாமா, அழுக்காயிடும்னு கீழ படுத்துக்கும்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் போனபின் தானியேல் உறையைத் திருப்பிப் போட்டு, உட்புறத்தில், முதுகுத்தண்டு வருகிற நேருக்கு, வெள்ளிப் பேனாவால் நீளமாகப் பிரிசில்லா என்று எழுதினான். யார் வந்து படுத்தாலும் அவள்மேல்தான் படுக்க வேண்டும். வெளியே பெயர் போடுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. அதற்கு யோக்கியதை வேண்டும்.

கிளினிக் மேனேஜர் பிரேம்நாத் சின்ன வயசு, நல்ல பேச்சு. போட்டோ எடுத்தான். ‘பொருள் நன்கொடை’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினான். “சூப்பர்ணே. ஆம்பூர் லெதர்ல கட்டில், எந்த ஊர் கிளினிக்ல இருக்கு சொல்லுங்க” என்றான். அன்றைக்கு டாக்டர் லீவு.

பத்து நாள் கழித்து தானியேல் தன்னுடைய பிரஷர் மாத்திரைக்குப் போனபோது கட்டிலில் புது ரெக்ஸின் இருந்தது. நீல நிறம். வாசலில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தான்.

“உட்காருங்க தானியேல்” என்றார் அம்பரீன் டாக்டர். “நானே உங்களுக்கு போன் பண்ணியிருக்கணும். அதுல பேஷன்ட்ட படுக்க வைக்க முடியாது. இந்தக் கட்டில்ல சீழ் சிந்தும், ரத்தம் சிந்தும். ஒவ்வொருத்தருக்கும் அப்புறம் மருந்து ஊத்தித் துடைக்கணும். தோல்ல ஊத்தினா...”

“குடிச்சிரும்” என்றான் தானியேல்.

தோல் குடிக்கும். தண்ணீரைக் குடிக்கும், எண்ணெயைக் குடிக்கும், ரத்தத்தையும் குடித்து வைத்துக்கொள்ளும். இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் அது தெரியும். முப்பது வருஷம் தோலைத் தொட்டவன், பதினேழு தோலைப் புரட்டியவன், இதை ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. தழும்பு இல்லாத தோலைத் தேடினானே தவிர, அதில் படுக்கப் போகிறவன் என்ன வியாதியோடு வருவான் என்று நினைக்கவில்லை. எது தனக்கு நல்லதாகத் தெரிந்ததோ அதைக் கொண்டுவந்து கொடுத்தான். மாத்திரை அட்டையைப் போலவே.

“அப்ப அது எங்க இருக்குது மேடம்?”

டாக்டருக்குத் தெரியவில்லை. பிரேம்நாத்தைக் கேட்கச் சொன்னார்.

பிரேம்நாத் முகமெல்லாம் சந்தோஷமாகத் தன் அறைக்குள் கூட்டிப்போனான். “வேஸ்ட்டே பண்ணலண்ணே. நன்கொட குடுக்கற டோனருங்க வந்தா உட்கார்ற சேர் ரெண்டும் பிஞ்சு கெடந்துச்சு. அதுக்குப் போட்டுட்டோம். பாருங்க, எப்படி ரிச்சா இருக்கு.”

இரண்டு நாற்காலி. குஷன் வேலைக்காரன் தோலின் நட்ட நடுவில் குறுக்காக வெட்டியிருந்தான். அச்சு வைக்காமல், திசை பார்க்காமல், வேட்டி கிழிக்கிற மாதிரி. ஓரத்தில் மேகலா போட்ட இரட்டைத் தையல் பாதியில் அறுந்து நின்றது. மூலையில் ஒரு பிளாஸ்டிக் பையில் மிச்சத் துண்டுகள் கிடந்தன. தானியேல் குனிந்து கிளறினான். ஒரு சாண் அகலத் துண்டு ஒன்றின் உட்புறத்தில் வெள்ளி எழுத்தில் ‘சில்லா’ என்றிருந்தது. மற்றது ஏதோ ஒரு நாற்காலிக்கு அடியில்.

“உள்ள பேர் எழுதியிருந்தது பாக்கலையா?”

“பேரா? கம்பெனி மார்க்குனு நெனச்சிருப்பான்ணே.”

அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி டாக்டர் அறைக்குப் போனான். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். மேஜைமேல் துண்டை வைத்தான்.

“மாத்திரய நான்தான் வாங்கிக் குடுத்தேன் மேடம். வாராவாரம். அன்னிக்குப் பொய் சொன்னேன்.”

டாக்டர் துண்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். “தெரியும்” என்றார்.

“மெடிக்கல்காரன் சொன்னானா?”

“பிரிசில்லா சொன்னாங்க. அடுத்த தடவ வந்தப்பவே. உங்ககிட்ட நான் கேட்கக் கூடாதுன்னும் சொன்னாங்க. பிரியத்துலதான் வாங்கிட்டு வந்தாரு, உங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா சாப்பிட மாட்டாரு, விட்டுடுங்கன்னு.”

திட்டியிருந்தால் தேவலை. அவன் ஏன் பொய் சொன்னான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எட்டு மாசம் அவன் ஊட்டிய கஞ்சியைக் குடித்திருக்கிறாள்.

“நான் இன்னா மேடம் பண்றது இப்ப?”

டாக்டர் களைப்பாக இருந்தார். வெளியே நாற்பது பேர். ஆறுதல் சொல்ல அவருக்கு நேரமும் இல்லை, அந்த வழக்கமும் இல்லை. “எனக்குச் சேர் வேணாம், கட்டில் வேணாம். இந்த மாசம் மட்டும் இதே மாதிரி மூணு பேர் வந்திருக்காங்க, எல்லாம் உங்க கம்பெனி லைன்தான். நான் சொன்னா டாக்டர்னா அப்படித்தான் சொல்லுவாங்கன்னு போயிடறாங்க. நீங்க சொல்லுங்க. அவ்வளவுதான்” என்றார். பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தான். தாள் இன்னும் சுவரில் இருந்தது. யாரோ அதில் பேனாவால் குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தின் தலைகீழ் முக்கோணத்தை வரைந்து விளையாடியிருந்தார்கள். ஏழாவது வரியைத் தடவிப் பார்த்தான். வெறுங்கைக்காரனுக்கு எழுதியது என்று அன்றைக்கு நினைத்த வரி.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் மேகலாவுக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. வழக்கமாகப் பின்னால் போகிற தானியேல் அங்கேயே உட்கார்ந்தான். நெடுஞ்சாலைக்கு ஏறியதும் அவள் டிபன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, கட்டைவிரலால் ஒன்றை உடைத்தாள்.

“அத போடாத.”

“எத மாமா?”

“அந்த மாத்திரதான் உங்க அக்காவ கொன்னுது. வாங்கிக் குடுத்தது நான். வாராவாரம் ரெண்டு அட்ட.”

பஸ்ஸின் இரைச்சலையும் மீறி அது கேட்டது. முன் சீட்டில் கூட வேலை செய்கிற முனிரத்தினம் திரும்பிப் பார்த்தான். மேகலாவின் உள்ளங்கையில் மாத்திரை இருந்தது. அவள் முகத்தில் முதலில் பயம் வந்தது. பிறகு வேறொன்று வந்தது. இத்தனை நாள் இந்த ஆளுக்கா ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தைத்துக் கொடுத்தோம் என்பது மாதிரி.

“நெஜமாவா சொல்ற?”

“டாக்டரம்மாவ கேளு.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். “இன்னிக்கு எக்ஸ்போர்ட் ஆர்டர் மாமா. ஒரு மணி நேரத்துக்கு நூத்தி இருபது ஜோடி. இடுப்ப புடிச்சிக்கினு நின்னா சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவான். நீ வந்து தைப்பியா?”

அவள் மாத்திரையை வாயில் போட்டு, பாட்டில் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் டிரைவருக்குப் பின்சீட்டுக்குப் போய்விட்டாள். தானியேல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். யாரும் பக்கத்தில் வரவில்லை. முந்தின நாள் லீவு போட்டுவிட்டு, இன்று கடைசியாக ஓடிவந்து ஏறிய கோவிந்தம்மாளுக்கு விஷயம் தெரியாது. காலி சீட்டைப் பார்த்ததும் “அப்பாடா” என்று வந்து உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே பையைத் திறந்து அட்டையைத் தேடினாள்.

தானியேல் தொண்டையைச் செருமிக்கொண்டான்.